இறந்தவர் கேட்ட காபி

"என் கடையில செத்துப்போன ஒருத்தர் காபிக்கொட்டை வாங்கிட்டிருக்கார் மேடம்" என்றார் ஃபோல்க்மார் டெஷ்.

தீலோ பேனாவைக் கீழே வைத்தான். ரோஸ்வீதா வைக்கவில்லை.

"பணம் கட்டறாரா?" என்று கேட்டாள்.

"கட்டறார். அதுதான் பயமா இருக்கு."

ஜன்னலை உரசுவதுபோல் தொங்குரயில் ஒன்று ஆற்றின் மேல் ஆடி ஆடிக் கடந்தது. வுப்பர்டாலில் அவ்வளவு மலிவான வாடகைக்கு அந்த அலுவலகம் கிடைத்ததற்கு அந்த ரயில்தான் காரணம். அது போகும்வரை அங்கே யாரும் வாய் திறப்பதில்லை. திறந்தும் பயனில்லை.

ரோஸ்வீதா கெம்ப்கென் பாக்கி வசூலிக்கும் நிறுவனம் ஒன்றுக்காக இருபது வருடம் வீடு வீடாகக் கதவு தட்டியவள். தட்டித் தட்டி அலுத்துப்போய், கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று கண்டுபிடிக்கும் தொழிலுக்கு மாறிவிட்டாள். தீலோ உள்ளூர் வானொலியில் போக்குவரத்து நெரிசல் வாசித்துக்கொண்டிருந்தவன். மேயரின் காரும் நெரிசலில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்ற மகிழ்ச்சியான செய்தியை ஒரு நாள் சேர்த்து வாசித்ததில் வேலை போயிற்று. முப்பத்துநான்கு வயதில் ரோஸ்வீதாவின் உதவியாளன் ஆனான். சம்பளம் குறைவு. ஆனால் எது பேசினாலும் இங்கே சீட்டுக் கிழியவில்லை.

"செத்தவர் பேரு?" என்றான் தீலோ.

"கெர்னோட் ஆல்ஃபெல்ட். நல்ல மனுஷன். குளிர் முடியற நேரத்துல நெஞ்சு நின்னுபோச்சு. அடக்கத்துக்கு நான் போயிருந்தேன். அப்புறம் எல்லாருக்கும் கேக்கோட கொடுத்தாங்களே, அந்தக் காபியே என் கடைக் காபிதான். ரெண்டு மாசம் கழிச்சு அவர் பேர்ல ஆர்டர் வருது. அதே கணக்கு, அதே விலாசம்."

"கம்ப்யூட்டர் ஆர்டரை ஏத்துக்குதா?"

"பச்சை காட்டுது மேடம்!"

டெஷ் விளக்கினார். எல்பர்ஃபெல்டில் அவருக்கு ஒரு சின்னக் காபி வறுக்கும் கடை. இணையத்திலும் விற்பனை உண்டு. வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் அட்டை எண்ணை இணையத்தில் தட்டவே மாட்டார்கள். சரக்கு முதலில் வீட்டுக்கு வரவேண்டும், முகர்ந்து பார்க்கவேண்டும், பிறகு பில்லுக்குப் பணம் கட்டவேண்டும். அவரைப் போன்ற சின்னக் கடைக்காரர் அத்தனை பேரையும் எப்படி நம்புவது? அதற்கென்று ஒரு பில் கம்பெனி இருக்கிறது. ஆர்டர் போடுகிறவரின் கடன் மதிப்பெண்ணை அது கண் சிமிட்டும் நேரத்தில் பார்த்துவிடும். நல்ல மதிப்பெண் என்றால் பச்சை, சரக்கை அனுப்பலாம், பணத்துக்குக் கம்பெனி பொறுப்பு. மோசமான மதிப்பெண் என்றால் சிவப்பு, அந்த ஆளுக்குப் பில் வசதியே கிடையாது.

"எனக்குப் பச்சை விழுந்த ஆர்டர் மட்டும்தான் வரும். அதுல ஒண்ணு கல்லறையிலேர்ந்து வருது."

"செத்தவர் மதிப்பெண் குறையவே குறையாது சார்" என்றான் தீலோ. "புதுசா கடன் வாங்க மாட்டார், வேலை போகாது, விவாகரத்து ஆகாது. இந்த நாட்டுலயே நம்பகமான ஆள் அவர்தான்."

"தீலோ" என்றாள் ரோஸ்வீதா. "பணம் பேங்க் வழியா வந்தா, அனுப்பினவங்க பேர் தெரியுமே?"

"பில்லுல ஒரு பார்கோடு இருக்கும். அதை சூப்பர்மார்க்கெட் கல்லாவுல காட்டி ரொக்கமா கட்டிடறாங்க."

"என்ன வாங்கறார்?"

டெஷ்ஷின் குரல் இறங்கியது. "உயிரோட இருந்தப்போ டாக்டர் சொன்னார்னு கஃபீனை நீக்கின காபி மட்டும்தான் வாங்குவார். இப்போ கருகருன்னு வறுத்த எங்க 'கருவறுவல்'. கடையிலயே கடுமையானது அதுதான்."

"இனிமே ஹார்ட்டுக்கு என்ன பயம்?" என்றான் தீலோ.

இந்தமுறை ரோஸ்வீதாவுக்கும் உதடு கொஞ்சம் அசைந்தது. உடனே சரிசெய்துகொண்டாள். "இவ்வளவு நாள் சும்மா இருந்துட்டு இன்னிக்கு ஏன் வந்தீங்க?"

"நேத்து வந்த ஆர்டர். எப்பவும் ஒரு பை. இந்தத் தடவை ஆறு."

ரோஸ்வீதா பேனாவைக் கீழே வைத்தாள். "இந்த வித்தை எனக்குத் தெரியும். முதல்ல சின்னச் சின்னதா வாங்கி ஒழுங்கா கட்டுவாங்க. நம்பிக்கை வந்ததும் பெரிசா அள்ளிட்டு மறைஞ்சிடுவாங்க. போலீசுக்குப் போகலையா?"

"போனா பில் கம்பெனிக்குத் தெரிஞ்சிடும். செத்தவனுக்குச் சரக்கு அனுப்பற கடைன்னு என்னைக் கழட்டி விட்டுடுவாங்க. பில் இல்லைன்னா பாதி வாடிக்கையாளர் போயிடுவாங்க. ஏற்கெனவே ஒரு கடையை மூழ்கடிச்சவன் மேடம் நான். இன்னொண்ணைத் தாங்க மாட்டேன்."

அடுத்த ரயில் வந்தது. அது கடந்தபோது ரோஸ்வீதா எழுந்து மழைக்கோட்டை மாட்டியிருந்தாள்.

ஆல்ஃபெல்ட் வாழ்ந்த வீடு ஓல்பெர்க் மேட்டில் இருந்தது. அங்கே போகிற படிக்கட்டுகளை ஆட்டுக்குட்டிகளுக்காகக் கட்டியிருக்க வேண்டும் என்று பாதி வழியில் தீலோவுக்குத் தோன்றியது. ரோஸ்வீதா இரண்டு முறை நின்றாள். இரண்டு முறையும் காட்சியை ரசிப்பதற்காக என்று சொன்னாள். காட்சி என்பது ஒரு குப்பைத்தொட்டி.

வாசலில் அழைப்புமணிப் பலகை. தீலோ உரக்கப் படித்தான். "பிரோய்ஸ், ஓஸ்துர்க், ரைண்டர்ஸ், ஆல்ஃபெல்ட்... பாஸ், இவர் பேரை இன்னும் எடுக்கவே இல்ல! மணியை அடிக்கவா?"

"அடி. திறந்தா நீ முதல்ல போ."

யாரும் திறக்கவில்லை. கீழ்த்தளத்து ஓஸ்துர்க் எட்டிப் பார்த்தார். அந்த வீட்டில் தண்ணீர்க் குழாய் மாற்றும் வேலை முடியாமல் இழுத்துக்கொண்டிருக்கிறது, அதனால் இன்னும் யாரும் குடிவரவில்லை என்றார். பார்சல்காரர் ஏதாவது ஒரு வீட்டு மணியை அடிப்பார், யாராவது கதவைத் திறந்துவிடுவார்கள், பார்சல் படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் அலமாரிக்குப் போகும். அவரவர் எடுத்துக்கொள்வார்கள்.

"ஆல்ஃபெல்ட்டுக்கு வர்ற பார்சலை யார் எடுக்கறாங்க?"

"அவருக்கு வருதா என்ன?" ஓஸ்துர்க் யோசித்தார். "அலமாரி காலியாத்தான் இருக்கும். சொந்தக்காரங்க வந்து எடுத்துட்டுப் போறாங்களோ என்னவோ."

வெளியே வந்ததும் தீலோ கைகளைத் தேய்த்துக்கொண்டான். "பத்து வீடு. எதிர்ல அந்த மரத்துக்குப் பின்னால நின்னு ராத்திரி பகலா பார்த்துடலாம் பாஸ்."

"என் முட்டிக்கு அந்தப் பழக்கம் இல்ல. யார் எடுக்கறாங்கன்னு நாம பார்க்க வேணாம். அவங்களே நம்மகிட்ட பேசணும்." நாலு படி இறங்கியவள் நின்றாள். "திருடன் எதைத் திருடுவான்? சுலபமா விக்கக்கூடியதை. போன், பெர்ஃப்யூம், ஷூ. காபிக்கொட்டையைத் திருடறவன் அதைக் குடிக்கறவன். குடிக்கறவனை எப்படிப் பேச வைக்கறது?"

தீலோ யோசித்தான். அவன் முகத்தில் புன்னகை மெல்ல விரிந்தது. "கெட்ட காபி குடுத்து!"

டெஷ் ஒத்துக்கொள்ளவே இல்லை. தன் கடைப் பையில் தப்பான கொட்டையைப் போடுவதா? அதற்குப் பதில் சொந்த விரலை வறுத்துப் போடலாம் என்றார். ரோஸ்வீதா அரைமணி நேரம் அவரோடு பேசினாள். பழைய தொழிலில் பழகிய குரலை, கதவுச் சந்தில் கால் வைக்கும் அந்தக் குரலை, கொஞ்சமாக எடுத்து விட்டாள். அன்று மாலையே கஃபீன் எடுத்த கொட்டை டிரம்முக்குள் போயிற்று.

"நல்லா கருப்பா வறுங்க. பார்த்தா தெரியக்கூடாது" என்றாள்.

டிரம் உருண்டது. கடை முழுக்கச் சுட்ட ரொட்டியும் வெல்லமும் கலந்ததுபோல் மணந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. முதல் துளி கண்ணாடியில் விழுந்ததும் டெஷ் கூரையை அண்ணாந்து பார்த்தார். பிறகு விறுவிறுவென்று டிரம்மைத் திறந்து கொட்டையைத் தட்டில் கொட்டிவிட்டார்.

"மேல என்ன பார்த்தீங்க?" என்றான் தீலோ. கூரை புத்தம் புதியது. வெடிப்புகூட இல்லை.

"ஒண்ணுமில்ல. பழக்கம்."

பார்சல் மறுநாள் போயிற்று. அது போய்ச் சேர்ந்த மறுநாள் காலை, தீலோ வெண்ணெய் தடவிய பன்னைக் கடிக்கப் போகும்போது, டெஷ் போனில் அலறினார். "மெயில் வந்திருக்கு! செத்தவர்கிட்டேர்ந்து!"

கடைக்குப் போனதும் ரோஸ்வீதா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தாள்.

"மதிப்புக்குரிய டெஷ் அவர்களுக்கு. பையின் மேல் கருவறுவல் என்று ஒட்டியிருக்கிறது. உள்ளே இருப்பது கஃபீன் எடுத்த கொட்டை. இதைக் குடித்தால் செத்தவன்கூட எழுந்திருக்க மாட்டான்."

"அவருக்குத்தான் தெரியும்" என்றான் தீலோ.

"போதாக்குறைக்கு, கொட்டை இரண்டாம் முறை வெடிக்கும்வரை காத்திருக்காமல் டிரம்மைத் திறந்திருக்கிறீர்கள். திங்கட்கிழமை சாயங்காலம் வறுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அன்றைக்குத்தான் மழை. மழை பெய்தால் நீங்கள் எப்போதும் இப்படித்தான். ஆறு பையையும் மாற்றித் தரவும். மரியாதையுடன், கெர்னோட் ஆல்ஃபெல்ட்."

படித்து முடித்து நிமிர்ந்தவள், டெஷ்ஷைப் பார்த்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை, விழுந்தார்.

"என் முதல் கடை பார்மென்ல இருந்துச்சு" என்றார் மெதுவாக. "கூரை ஒழுகும். நேரா டிரம்முக்கு மேல. மழை வந்தா அவசர அவசரமா திறந்துடுவேன். இப்பவும் கை அதுவா போகுது. இது உலகத்துல ஒரே ஒருத்தருக்குத்தான் தெரியும். பக்கத்துல வாளி பிடிச்சிட்டு நின்னவங்களுக்கு."

"யாரு?"

"என் கூட்டாளி. அல்முட். அல்முட் ரைண்டர்ஸ்."

தீலோவின் பன் கையிலேயே நின்றது. "பாஸ்! மணிப் பலகை! மூணாவது பேரு!"

மறுநாள் மாலை அல்முட் ரைண்டர்ஸ் கதவைத் திறந்தபோது, முன்னால் நின்ற ரோஸ்வீதாவையும் தீலோவையும் பார்க்கவில்லை. இரண்டு படி கீழே தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு நின்றவரைத்தான் பார்த்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். குட்டையாக வெட்டிய நரைமுடி. பல் மருத்துவர் ஒருவரின் வரவேற்பு மேசையில் வேலை செய்பவள், அந்த வெள்ளை உடுப்பிலேயே இருந்தாள்.

"ஒன்பது வருஷம் கழிச்சு வர்றே. அதுவும் சாட்சியோட" என்றாள்.

"உள்ள வரலாமா அல்முட்?"

"வாங்க. காபி கேக்காதீங்க. இருக்கறது குடிக்கற மாதிரி இல்ல."

சமையலறை மேசையில் ஆறு பைகள் வரிசையாக நின்றன. ஒன்று மட்டும் பிரிந்திருந்தது. ரோஸ்வீதா சுற்றி வளைக்கவில்லை. "இறந்தவர் பேர்ல வாங்கறது குற்றம்னு தெரியுமா?"

"தெரியும். உங்க குரலைக் கேட்டா கதவு தட்டி வசூல் பண்ணின ஆள் மாதிரி இருக்கே?"

"பண்ணினேன்."

"அப்போ என் வீட்டுக்கும் வந்திருப்பீங்க. முகம்தான் ஞாபகம் இல்ல. எத்தனையோ பேர் வந்தாங்க." அல்முட் உட்கார்ந்தாள். "கெர்னோட்டுக்கு கம்ப்யூட்டர் வராது. இவன் கடையில கணக்கு ஆரம்பிச்சு, மாசாமாசம் ஆர்டர் போட்டுக் குடுத்தது நான். என் கம்ப்யூட்டர்லதான். இவன் கடைக்கு அவரை அனுப்பினதே நான்தான்."

"நீயா?" என்றார் டெஷ்.

"காபி நல்லாத்தானே இருக்கு, மழை இல்லாத நாள்ல. அடக்கத்துக்கும் வந்தேன். பின்னால மரத்துகிட்ட நின்னேன். நீ நிக்கறதைப் பார்த்துட்டுக் கிளம்பிட்டேன்." அவள் குரலில் முதல்முறையாக ஒரு தடுமாற்றம். "அவரும் போனதுக்கப்புறம் சாயங்காலம் பேச ஆளில்லை. சரி, இந்தக் காபியாவது குடிப்போம்னு என் பேர்ல ஆர்டர் போட்டேன். நீ சிவப்பு காட்டினே."

"நானா?"

"உன் கடைப் படத்தோட வந்துச்சு. 'வருந்துகிறோம், உங்களுக்குப் பில் வசதி அளிக்க இயலாது.' ரெண்டு தடவை போட்டேன். ரெண்டு தடவையும் அதேதான். அந்தக் கருவறுவல் கலவை யாரோடது ஃபோல்க்மார்?"

டெஷ் தரையைப் பார்த்தார். "உன்னோடது."

"என் கலவையை எனக்கே தரமாட்டேன்னுச்சு உன் கடை. கம்ப்யூட்டர்ல கெர்னோட் கணக்கு திறந்தே இருந்துச்சு. தட்டினேன். பச்சை. உயிரோட இருக்கற என்னைவிட செத்த மனுஷன் மேல உனக்கு நம்பிக்கை."

"முன்பணம் கட்டி வாங்கியிருக்கலாமே?" என்று தீலோ கேட்டான். கேலியில்லாமல்தான் கேட்டான்.

"எல்லாக் கடையிலயும் அப்படித்தான் வாங்கறேன் தம்பி. செருப்பு, சட்டை, எல்லாம். இவன்கிட்ட மட்டும் அப்படி வாங்க மாட்டேன். இவன் என்னை நம்பி முதல்ல குடுக்கணும்."

"எனக்குத் தெரியாது அல்முட்" என்றார் டெஷ். "சத்தியமா தெரியாது. சிவப்பு விழுந்தவங்க பேரு எனக்கு வரவே வராது. நீ ஆர்டர் போட்டதே இப்போ நீ சொல்லித்தான் தெரியுது."

அல்முட் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் ஓர் ஆளின் மேல் வளர்த்த கோபத்தை இறக்கி வைக்க இடம் தெரியாதவள்போல இருந்தாள்.

ரோஸ்வீதா இருமினாள். "உங்க மதிப்பெண் எதனால மோசமாச்சு?"

"இவன்கிட்ட கேளுங்க."

டெஷ்ஷே சொன்னார். பார்மென் கடைக்கு வாங்கிய வங்கிக் கடனில் இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். கடை மூழ்கியது. அவர் திவால் மனு கொடுத்தார். கோர்ட் சில வருடத்தில் அவரை விடுவித்து, பேரிலிருந்த கறையைத் துடைத்துவிட்டது. வங்கி அல்முட்டைப் பிடித்தது. அவள் மனு கொடுக்கவில்லை. அவருடைய பங்கையும் சேர்த்து மாதாமாதம் கட்டினாள்.

"எல்லாத்தையும்?"

"கடைசி யூரோ வரைக்கும்" என்றாள் அல்முட். "போன வருஷத்துக்கு முந்தின வருஷம் முடிஞ்சுது."

தீலோ தன்னையறியாமல் சொல்லிவிட்டான். "அப்போ, ஓடினவருக்குப் பச்சை. கட்டினவங்களுக்குச் சிவப்பு."

அவன் சொன்ன எதற்கும் அதுவரை முகம் சுளிக்காத டெஷ், இதற்குச் சுளித்தார். ஆனால் மறுக்கவில்லை.

ரோஸ்வீதாவின் கண்கள் சுருங்கின. "முந்தின வருஷமே முடிஞ்சுதா? அப்போ இன்னும் ஏன் சிவப்பு? உங்க மதிப்பெண் விவரத்தை வாங்கிப் பார்த்தீங்களா? கேட்டா இலவசமா தருவாங்க."

"அழுக்குத் துணியை யாராவது விரிச்சுப் பார்ப்பாங்களா?"

"நான் பார்ப்பேன். இருபது வருஷம் அதுதான் என் வேலை. கடன் முடிஞ்ச விஷயத்தை வங்கி சொல்லாம விட்டிருக்கும். யாரும் கேக்கலைன்னா யாரும் சொல்ல மாட்டாங்க. முடிஞ்சதுக்கு ரசீது இருக்கா?"

"ஃப்ரிட்ஜ் மேல."

"எடுத்துக் குடுங்க. அப்புறம், ஆறு பை எதுக்கு? அதுலதானே நாங்க பயந்தோம்."

அல்முட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததை அடக்கவும் இல்லை. "இவன் கடை வாசல்ல அடுத்த வாரத்துலேர்ந்து கோடை விடுமுறைன்னு எழுதிப் போட்டிருக்கான். கடை திறக்கற வரைக்கும் நான் என்னத்தைக் குடிக்கறது?"

பாக்கி வசூலில் நரைத்த தலை குனிந்து குலுங்கியது. ரோஸ்வீதா சிரித்து தீலோ பார்த்தது அதுதான் முதல்முறை.

டெஷ் சிரிக்கவில்லை. வேலைப்பையிலிருந்து ஒரு பையை எடுத்து மேசையில் வைத்தார். மழை விட்டபின், அதிகாலையில் புதிதாக வறுத்த கருவறுவல். எதிரியை எப்படியும் மாற்றுச் சரக்கோடுதான் சந்திக்கவேண்டும் என்று நினைத்திருந்தார்போல. தீலோவின் பேனாவை வாங்கி, ஒரு தாளில் கடைப் பேர், வங்கிக் கணக்கு, விலை எல்லாம் கையால் எழுதி, 'பெறுபவர்: அல்முட் ரைண்டர்ஸ்' என்று பெரிதாகப் போட்டு அவள் பக்கம் தள்ளினார்.

"இது என் பில். கம்பெனி பில் இல்ல. இதுக்கு நான்தான் பொறுப்பு."

அவள் தாளைத் தொடாமல் படித்தாள். "எத்தனை நாள் கெடு?"

"உன் இஷ்டம்."

"ஒன்பது வருஷம் ஆகும்."

"ஆகட்டும்."

அல்முட் எழுந்து கெட்டிலை அடுப்பில் வைத்தாள். அலமாரியிலிருந்து கோப்பைகளை எடுத்தாள். நான்கு.

ஆல்ஃபெல்ட்டின் கணக்கை மூடச்சொல்லி டெஷ் தானே பில் கம்பெனிக்கு எழுதினார். கடையைக் கழற்றி விடுவார்களோ என்ற பயத்தில் மூன்று நாள் சரியாகத் தூங்கவில்லை. பதில் நேராக அல்முட்டின் கம்ப்யூட்டருக்கு வந்தது. 'அன்புள்ள ஆல்ஃபெல்ட் அவர்களே, நீங்கள் எங்களைவிட்டுப் பிரிவதில் வருந்துகிறோம். எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாம்.' தீலோ அதை அச்செடுத்து அலுவலகச் சுவரில் ஒட்டினான்.

ரோஸ்வீதா வங்கிக்கு எழுதிய கடிதத்தில் ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை. இருந்தும் படித்தவர்களுக்கு வியர்த்திருக்கும். கடன் முடிந்ததைத் தெரிவிக்க மறந்துவிட்டதாக வங்கி ஒத்துக்கொண்டது. இலைகள் உதிரத் தொடங்கியபோது அல்முட்டின் பேரிலிருந்த கறையும் துடைக்கப்பட்டது.

அந்த வாரமே டெஷ் போன் செய்தார். "தீலோ, அவ பேர்லயே ஆர்டர் வந்திருக்கு! பச்சை!"

"கையால எழுதின அந்தப் பழைய பில் என்னாச்சு சார்?"

"அதுவும் இன்னிக்கு வந்துடுச்சு. வங்கி வழியா. பணத்தோட ஒரு வரி செய்தி எழுத இடம் இருக்குமே, அதுல எழுதியிருக்கா."

"என்னன்னு?"

டெஷ் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று போனில் தெரியவில்லை.

"'இது காபிக்கு மட்டும்.'"